நீ மறக்கவில்லை, மச்சான்

மச்சான்,

இன்று காலை புந்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையைக் கடந்துபோனேன். மாதக்கணக்கில் டாங்கியில் கிடந்த பெட்ரோலை யாரோ வடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாடை பட்டதும் அதற்குமேல் நடக்க முடியவில்லை. நீ போய் இன்றோடு நாற்பது நாளாகிறது.

எண்பதுகளின் கடைசி. சிலிம் ரிவர் பக்கத்தில் நாம் வளர்ந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற பிறகு, நாம் இருவரும் ஈப்போவில் ஒரே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தோம். நீதான் கெட்டிக்காரன். சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாய். "மனுசன் பொய் சொல்வான், எஞ்சின் சொல்லாதுலா" என்பாய்.

முதலாளி, தண்ணீரில் ஓட்டும் மோட்டார் சைக்கிள் மாதிரியான ஜெட் ஸ்கீ இரண்டைப் பழையதாக வாங்கி, பத்து காஜா ஊர்ப் பக்கம் ஈயம் தோண்டிக் கைவிட்ட ஓர் ஆழமான குட்டையில் வாடகைக்கு விட்டிருந்தார். ஆண்டுக் கடைசி மழை முடியும்வரை அவை கொட்டகையில் முடங்கிக் கிடக்கும். சீனப் பெருநாளுக்குக் கூட்டம் வருமுன் தயார்செய்வது நம் வேலை.

அந்த வருடம் நீ எஞ்சினைப் பார்த்தாய். பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் கழுவி, புது பிளக் மாட்டினாய். நான் வெளிப்பக்கத்தைக் கழுவினேன். உள்ளே தேங்கும் தண்ணீர் வடிய, பின்புறம் அடியில் ஒரு துளை உண்டு. அதன் மூடியை நான் கழற்றித் தர, வண்டியைத் தண்ணீரில் இறக்குமுன் நீ மாட்ட வேண்டும். முதல் வண்டியின் மூடியை உன்னிடம் கொடுத்தேன், நீ மாட்டிவிட்டாய். இரண்டாவதைக் கழற்றும்போது யாரோ தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தவன், அப்படியே மறந்துபோனேன்.

அந்த இரண்டாவது வண்டியைத்தான் நீ ஓட்டிப் பார்க்க எடுத்துப்போனாய். நடுக்குட்டையில் எஞ்சின் நின்றது. பின்பக்கம் மெல்ல மெல்ல அமிழ்ந்தது. நம் இருவருக்குமே நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையும் கரையிலேயே கிடந்தது. வண்டியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் சம்பான் படகைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள், இரண்டு முறை உன் தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

கரையில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினாய். முதலாளி யார் வேலை இது என்று கத்திக்கொண்டிருந்தார். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய்.

"மச்சான், ரெண்டு மூடியும் எங்கிட்டதானே குடுத்தே?"

என் கை அப்போது சட்டைப் பைமேல் இருந்தது. உள்ளே மூடி தட்டுப்பட்டது. என் மனைவிக்கு நிறைமாதம். வேலை போய்விடுமே என்ற பயம். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப நாந்தான் எங்கியோ தொலைச்சிட்டேன்" என்றாய்.

முதலாளி உன்னைப் போகச் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் நீயாகவே வேலையை விட்டு நின்றுகொண்டாய். "என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்லடா. நாளைக்கு ஒருத்தன் வண்டியில நான் பிரேக்கை மாட்டாம விட்டுட்டா என்ன செய்றது?" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேருந்து நிலையம்வரை உன்னோடு நடந்தேன். வேறு என்னென்னவோ பேசினேன்.

அதன்பிறகு ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவாகவே காலத்தைக் கழித்தாய். நான் சொந்தமாகப் பட்டறை வைத்தேன். செயின் தளர்ந்தால்கூட வண்டியை என்னிடம் தள்ளிக்கொண்டு வருவாய். "நான் தொட்டா கெட்டுப்போகும்" என்று சிரிப்பாய். கல்யாண வீடுகளில் அந்தக் குட்டைக் கதையை நீயே உன்னைக் கேலிசெய்து சொல்வாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, உன் மனைவியிடம் சொன்னேன்.

"அவருகிட்ட சொல்லியிருந்தா ஒரு நாள் கோவப்பட்டிருப்பாரு அண்ணே. அப்புறம் திரும்பவும் ஸ்பானரை எடுத்திருப்பாரு" என்றார். பிறகு, "பசங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அந்தத் தலையசைப்பு என்னோடுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உன் மகன்கள் இருவரும் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லுமுன் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

உன் கையில் ஒருநாளும் குறை இருந்ததில்லை.