நீர்க்காகத்தின் ஈரச் சட்டை

பிப்ரவரி 4, புதன்

காலையில் லேசான பனி. குக்கரஹள்ளி கெரே. ஏரியைச் சுற்றி ஒரு நடை. இரண்டாம் ஷிஃப்ட், அதனால் அவசரமில்லை. போனில் எடுத்த படங்கள்: கூழைக்கடா (கழுத்து மட்டும்), அணில் (வால் மட்டும்), என் கட்டைவிரல் (முழுசாக). ஒன்றே ஒன்று தேறியது. கல்லின் மேல் ஒரு நீர்க்காகம், சிறகு இரண்டையும் விரித்துக்கொண்டு. பெஞ்சில் உட்கார்ந்து அதற்கும் மூன்று வரி:

துவைத்த சட்டையைக்
கழற்றாமலே காயப்போடுகிறது
நீர்க்காகம்.

கவிதை என்று வெளியே சொல்ல வெட்கம். மெஷின் ஷாப்பில் தெரிந்தால் ரிட்டயர் ஆகும்வரை ‘கவிஞரே, அந்த போல்ட்டை எடுங்க’ என்பார்கள். இது மகள் நந்தினிக்கு மட்டும். ஞாயிறன்று புனே போகிறாள், முதல் வேலை. கையில் கொடுத்தனுப்ப ஒரு ஆல்பம்: இடப்பக்கம் படம், வலப்பக்கம் என் வரி. வாயால் சொல்லச் சொன்னால் ‘சாப்பிட்டியா’வுக்கு மேல் எனக்கு வராது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

வாங்க: பசை, நல்ல பேனா, பெட்டிக்குப் பூட்டு, மாங்காய் ஊறுகாய்.

பிப். 5, வியாழன்

படங்களைப் பிரிண்ட் போட்டாயிற்று. ஸ்டுடியோக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். “சார், மஞ்சு எஃபெக்ட் சக்கத்தா இதே! எந்த ஆப்?” மஞ்சு என்றால் பனி, சக்கத் என்றால் பிரமாதம். ஆப்புமில்லை, நேற்றைய லேசான பனியுமில்லை. லென்ஸில் என் கை எண்ணெய். சொல்லவில்லை. “அது சும்மா ஒரு இது” என்று கலைஞன் மாதிரி சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் ஒட்டும் வேலை. சரோஜா எட்டிப் பார்த்து, “ஏனுங்க, பசையெல்லாம் வேட்டியில இருக்குது, படத்த எதுல ஒட்டுனீங்க?”

கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. ஏதாவது அகப்படும்.

பிப். 6, வெள்ளி

அகப்பட்டது. கெரே நடுத்தீவு மரத்தில் நாரைக் கூடு. குஞ்சு ஓரத்தில் வந்து நிற்கிறது. பக்கத்தில் பெரியது ஒன்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு. படம் கொஞ்சம் ஆடிவிட்டது. பரவாயில்லை. நாலு வரி எழுதினேன். கண்ணாடியைத் துடைக்கவேண்டி வந்தது. காற்றில் தூசு.

இன்று லீவு போட்டிருந்தேன். சாயங்காலம் ஆல்பத்தைக் கொடுத்தேன். சர்ரென்று புரட்டினாள். “சக்கத் இருக்குப்பா! ஐயோ, இந்த அணில் வால்!” வலப்பக்கம் கண்ணே போகவில்லை. மூடினாள். பெட்டியில் துண்டுகளுக்கு அடியில் வைத்தாள். அவ்வளவுதான்.

ராத்திரி சரோஜாவிடம், “நல்லா இல்லியாட்ட இருக்குது” என்றேன்.

“ஏனுங்க, அவளுக்குத் தமிழு படிக்கத் தெரியாதுங்களே.”

“தெரியாதா? சின்னப் புள்ளையில ஈரோடு பஸ் போர்டப் படிப்பாளே!”

“அது பஸ்ஸு கலரப் பாத்துச் சொன்னதுங்க.”

பிறந்ததிலிருந்து அவளோடு தமிழில்தான் பேசுகிறேன். பள்ளிக்கூடம் கன்னடம், இங்கிலீஷ். ஃபீஸ் கட்டியவன் நான். வீட்டில் பேசுகிற பாஷைக்கு எழுத்து தன்னால் முளைத்துவிடும் என்று நினைத்திருக்கிறேன், மழைக்குப் புல் மாதிரி. என்ன ஒரு மூளை!

பிப். 7, சனி

கன்னடத்தில் மாற்றி எழுதிப் பார்த்தேன். எங்கள் ஊர் கௌதள்ளியில் ஏழாவது வரை தமிழ், அப்புறம் கொள்ளேகாலில் கன்னடம், பத்தாவதில் கணக்கு தள்ளிவிட்டது. அதற்குமேல் எனக்கு வந்த கன்னடமெல்லாம் ஃபேக்டரி கன்னடம். நீர்க்காகத்தை அதில் எழுதினால் ‘ஈர உடையுடன் கல்லின் மேல் நிற்பது தடைசெய்யப்பட்டுள்ளது’ என்கிற மாதிரி நோட்டீஸ் போர்டாக வருகிறது. கிழித்துப் போட்டேன்.

டீ ஆறிக்கொண்டிருந்தபோது தோன்றியது. பாஷையை ஏன் மாற்றவேண்டும்? எழுத்தை மாற்றினால் போதாதா? தமிழ் தமிழாகவே இருக்கட்டும், கன்னட எழுத்தில் எழுதிவிடலாம். அவள் வாய்விட்டுப் படித்தால் காது மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

நந்தினி தோழி வீட்டுக்குப் போன நேரம். சொந்த வீட்டில் சொந்த மகள் பெட்டியில் திருட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே கன்னட எழுத்தில், பொடிப்பொடியாக. அவசரத்தில் இரண்டு இடத்தில் மை. திரும்பத் துண்டுக்கு அடியில். சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ‘சக்கத்’ என்பாள். அவளாகத் திறந்தால் திறக்கட்டும்.

திறக்காவிட்டால்?

சரோஜா: “ஊறுகா எங்கீங்க?” மறந்தே போனேன். ஓடினேன்.

பிப். 8, ஞாயிறு

வெயில். ஸ்டேஷனில் கூட்டம். சரோஜா அழுதாள், நந்தினி அழுதாள். நான் பெட்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று லேசாக இழுத்தது. இழுக்கவுமில்லை, சும்மா.

“சாப்பிட்டியா?” என்றேன்.

“ஒண்ணாத்தானேப்பா சாப்பிட்டோம்!”

ரயில் போய்விட்டது. ஆட்டோக்காரன் இருபது ரூபாய் கூடக் கேட்டான். சண்டை போடாமல் கொடுத்தேன். சரோஜா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பிப். 9, திங்கள்

கெரேக்குப் போகவில்லை. கால் வலி. (கால் வலி இல்லை.)

பிப். 10, செவ்வாய்

ஹெப்பாள் போகிற கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நந்தினி போன்.

“அப்பா, இப்பதான் துண்டு எடுத்தேன். நீ ஒண்ணும் பேசாத. கேளு.”

படிக்க ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டி, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி. “து-வை-த்த ச-ட்டை-யை...” நின்றாள். மறுபடி முதலிலிருந்து வேகமாக. நீர்க்காகம் வந்ததும் ஒரே சிரிப்பு. “ஐயோ, இது நீயா எழுதுன? சத்தியமா?” பின்னால் யாரோ பெண்கள் ஹிந்தியில் என்னவென்று கேட்டார்கள். “எங்கப்பா” என்று மட்டும் சொன்னாள்.

ஒவ்வொரு பக்கமாக வந்தாள். என் வரிகளை இன்னொரு வாயில் இன்றுதான் கேட்கிறேன். கடைசிப் பக்கம். மெதுவாக, தட்டாமல் படித்தாள்:

கூட்டின் ஓரத்தில் குஞ்சு.
தகப்பன் நாரை
வேறெங்கோ பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருக்கிறது.

கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

“அதுக்குத்தான் அந்தச் சக்கரத்தையே பாத்துட்டு இருந்தியாப்பா?”

எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தேன்.

“சாப்பிட்டியா சாமி?”

கம்பெனி பஸ் போய்விட்டது. ஆட்டோ.