ஒரே குரலில் சொன்ன சரி

காஞ்சிபுரம்,
சனிக்கிழமை.

அன்பு மகள் சுடர்க்கொடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நானும் நலம், என் தொண்டை மட்டும் நலமில்லை. நீ பிலாஸ்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு, ரயில்வே நைட் டூட்டிக்கு நடுவில் கொஞ்சம் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். கடிதமா என்று பயந்துவிடாதே. தொண்டையில் தடிப்பு இருக்கிறதாம், பள்ளியில் ஒரு வகுப்புக்குக் கால் மணி நேரம் மெதுவாகப் பேசலாம், மற்ற நேரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு ரேஷனை எல்லாம் பள்ளியிலேயே தீர்த்துவிடுகிறேன், அதனால்தான் போன் இல்லை. வாட்ஸ்ஆப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ரயில் பார்க்கப் போய்விடுவாய். நான் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தினால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்கும் உள்ளாட்சி புரியும், அப்படிப்பட்ட குரல். இப்போது பழைய சைக்கிள் பிரேக் மாதிரி கிறீச்சிடுகிறது. அம்மா வருத்தமாக இருப்பதாகத்தான் என்னிடம் சொல்கிறாள். வீட்டில் இப்பல்லாம் சீரியல் நல்லா கேக்குதுக்கா என்று பக்கத்து வீட்டில் அவள் சொன்னதும் என் காதில் விழுந்தது. காதுக்கு ஒன்றும் இல்லை.

வாலாஜாபாத் சம்பந்தம் பற்றித்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். போன மாதம் அந்த மின்வாரியப் பையனைப் பற்றி போனில் நான் சொல்லச் சொல்ல நீ சரிப்பா, சரிப்பா என்றாய். அதை வைத்துத்தான் அவர்களுக்கு வாக்குக் கொடுத்தேன், ஐப்பசியில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று. நம் தறிக்காரர் சிட்டிபாபுவிடம் அம்மா முகூர்த்தப் புடவைக்கும் சொல்லியாயிற்று. தறியில பாவு நூல் ஏத்தணும், அரக்கா மாம்பழமா, கலரைச் சொல்லுங்க சார் என்று அவர் தினமும் வாசலில் வந்து நிற்கிறார். நம் ஊர்க்காரர்கள் எப்போதும் இப்படித்தான், பெண் வாயைத் திறப்பதற்குள் புடவைக்கு ஜரிகை வந்துவிடும். இதற்கு நடுவில் பள்ளியில் ஒன்று நடந்தது, அதையும் கேள்.

தலைமையாசிரியை எஸ்தர் மேடம் ஒரு பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து, நீங்க கால் மணி நேரம் பேசுங்க சார், மீதி நேரம் பிள்ளைங்க கலந்து பேசட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பயிற்சிக் காய்ச்சல், தானே இறங்கிவிடும் என்று இருந்துவிட்டேன். இப்போது டாக்டரும் அதே கால் மணி நேரத்தைச் சொன்னதும் தப்ப வழியில்லாமல் போயிற்று. கிராமசபை பாடம். கால் மணி நேரம் நடத்திவிட்டு, பதினெட்டு வயது ஆகாதவர்களையும் கிராமசபையில் பேச விடலாமா என்று கேட்டேன். விடலாம் சார் என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் ராகம் போட்டது. சரி, ஏதாவது எதிர்க்கருத்து வரட்டும் என்று, விட வேண்டாமா என்றேன். வேண்டாம் சார் என்றது அதே ராகத்தில். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மேடம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கால் மணி நேரம் முடிந்ததும் அதே கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். நான் முன்னால் நின்றால் அவர்களுக்குத் தானாகவே சார் வந்துவிடுகிறது. எல்லோரும் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார்கள். எனக்குப் பேச வேண்டும் என்று தொண்டை அரித்தது, தண்ணீரைக் குடித்து அடக்கினேன். கடைசியில் லோகேஸ்வரன் என்ற பையன், நாங்க அங்க வந்து பேசினா எங்கப்பா ஊட்டுக்குள்ளவே வுட மாட்டாரு என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அதற்கப்புறம் ஆளுக்கு ஒன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே சண்டை, பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். தேவிப்ரியா என்று ஒரு பெண்ணும் எழுந்து பேசினாள், இதுவரை அவள் குரலையே நான் கேட்டதில்லை. அவளிடம், நேற்று மட்டும் ஏம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அந்தப் பெண் பயப்படாமல் சொன்னாள், புரிஞ்சுதோ இல்லியோ, சரின்னு சொன்னாதான் நீங்க நிறுத்துவீங்க சார், அதுக்குத்தான் சொல்லிக்கினு இருந்தோம்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா தொண்டை வலி என்று நினைத்து ரசத்தில் மிளகைத் தூக்கலாகப் போட்டாள். நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் உன் சரிப்பாவைத்தான். அன்று போனில் ஒரு மணி நேரம் நான்தான் பேசியிருக்கிறேன். நீ இடையில் ஒருமுறை, அப்பா ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தாய், நான் பையனுடைய பென்ஷன் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் சரிப்பாதான். அந்தச் சரி எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. நேற்று வாலாஜாபாத்திலிருந்து தேதி கேட்டு வந்தார்கள். தொண்டையைத் தொட்டுக் காட்டி, பேச முடியவில்லை என்று அனுப்பிவிட்டேன், டாக்டர் சீட்டு முதல்முறையாக உதவியது. சிட்டிபாபுவிடமும் தறியில் வேறு வீட்டுப் புடவைக்குப் பாவு ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அம்மா என்னோடு பேசவில்லை. நானும்தான் பேசவில்லை, அதனால் வீட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வா. நான் வாயை மூடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். பையன் பிடித்திருக்கிறது என்றால் பிடித்திருக்கிறது என்று சொல், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், வேறு யாராவது மனதில் இருந்தால் அதையும் சொல். நடுவில் நான் தலையாட்டுவேன். ஒத்துக்கொண்டதாக நினைத்துக்கொள்ளாதே, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

வெயிலில் தண்டவாளத்தில் நடக்கும்போது தண்ணீர் பாட்டிலை மறக்காதே. நீ எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் எங்கள் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, அம்மாவுடையது கொஞ்சம் தாமதமாக வரும். சரிப்பா என்று மட்டும் பதில் எழுதாதே.

இப்படிக்கு,
கால் மணி நேரம் முடிந்துவிட்ட உன் அப்பா,
முனிரத்தினம்.