குடும்பம் உடன் வசிக்கிறதா?

12 ஜூன் 1978
கேரளாவில் நாங்கள் வேலை பார்த்த, இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி மூடி இருபது நாள். வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் எனக்கும் ஆட்குறைப்பு, மணல் சுமந்த இசக்கி அண்ணாச்சிக்கும் ஆட்குறைப்பு. அவர் மனைவி பேச்சி மதினிக்கு வயிற்றில் கட்டி. எல்லைக்கு அந்தப்பக்கம், சொந்த ஊர் ஆரல்வாய்மொழியில் வலியோடு கிடக்கிறாள். உடனே ஆபரேஷன் வேண்டும். வேலை போனாலும் செப்டம்பர் முடிய தொழிலாளர் இன்ஷூரன்ஸில் வைத்தியம் உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்களே, பிச்சையா கேட்கிறோம்?

14 ஜூன்
இன்ஷூரன்ஸ் ஆபீஸ். கிளார்க் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். 'குடும்பம் உடன் வசிக்கிறதா?' — 'இல்லை.'

"ஃபேமிலி தமிழ்நாட்டிலல்லே? எங்கில் அவிடெ போயி நோக்கணும்." அங்கேயே போய் வைத்தியம் பார்க்க வேண்டுமாம்.

அந்த 'இல்லை' என் கையெழுத்து. மூன்று வருஷம் முன்னால், வேலைக்காக எல்லை தாண்டி வந்த ஒன்பது பேருக்கும் ஒரே மூச்சில் படிவம் நிரப்பினேன். ஒருவரையும் கேட்கவில்லை. உண்மைதானே எழுதினேன்? — உண்மைதான். மடையன்.

17 ஜூன்
எல்லைக்கு அந்தப்பக்க டிஸ்பென்சரி. "இது கேரளா கார்டு, அங்க போங்க." அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. களியக்காவிளையில் எல்லை என்று ஒரு கோடு. கட்டி என்ன அந்தக் கோட்டைப் பார்த்தா வளருது?

18 ஜூன்
எழுதியது நான்தான் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"நீ கேட்டிருந்தாலும் இல்லன்னுதாம்ல சொல்லியிருப்பேன். இனி என்ன செய்யதுன்னு சொல்லு."

வரைபடமோ படிவமோ, எழுதியதைச் சுரண்டித் திருத்தினால் அது திருட்டு. அது காட்டும் பொருளையே மாற்றிவிட்டால்? மதினி இங்கே வரட்டும்.

21 ஜூன்
வந்தாச்சு. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் நாலு பேர் அறை. அண்ணாச்சி தவிர மற்ற மூன்று பேரும் கடை வராந்தாவுக்கு மாறினோம். மதினி அம்மிக்கல்லையும் பஸ்ஸில் ஏற்றி வந்திருக்கிறாள்! கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தானாம். ஆபரேஷனுக்கு அம்மி எதுக்கு என்று கத்தினேன். "அப்ப உங்களுக்கெல்லாம் யாரு அரைப்பா தம்பி?"

குடும்பம் உடன் வசிக்கிறது என்று மனு கொடுத்தேன். ரசீது இல்லாமல் நகரமாட்டேன் என்று நின்று வாங்கினேன்.

3 ஜூலை
இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். கொடியில் எங்கள் வேட்டிகளைப் பார்த்துச் சிரித்தார். "இது வீடோ லாட்ஜோ? சத்தியத்தில் இவிடெயாணோ தாமசம்?" மதினி நிஜமாகவே இங்கே குடியிருக்கிறாளா என்று சந்தேகம்.

நான் வாயைத் திறக்குமுன் மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூலையைக் காட்டினாள்.

"நாலு நாள் தங்கிட்டுப் போறவ அம்மியத் தூக்கிட்டா சார் வருவா?"

அம்மியில் தேங்காய் ஈரம் காயவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டு, 'உடன் வசிக்கிறது' என்று படித்த பிறகுதான் வழிவிட்டேன்.

29 ஜூலை
இன்ஷூரன்ஸிலேயே கட்டியை எடுத்தாச்சு. கண் விழித்ததும் மதினி கேட்டது: "அறைய யாரு பெருக்குதா?"

11 ஆகஸ்ட்
காலையில் நேசமணி வந்தார். மார்த்தாண்டத்துக்காரர், அந்த ஒன்பதில் ஒருவர். கையில் இன்ஷூரன்ஸ் படிவம். பின்னால் அவர் மனைவி எலிசாள், இடுப்பில் கூடை. கூடைக்குள் துணிமணி, மேலே அம்மிக்குழவி.

இங்கே குடியிருக்கத்தான் வந்தீர்களா என்று முதலில் எலிசாளைக் கேட்டேன். பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.