முன்னமே சொன்னவர்

செவ்வாய், இரவு

என் கூடப்பிறந்த மூத்தவரான நானாவை இன்று விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தேவாலயங்களில் குண்டு வெடிப்பதற்கு முன்பே, அதை நடத்திய பிரசங்கியைப் பற்றிப் பொலிஸில் போய்ச் சொன்னவர் அவர். அன்று பிளேன்டீ கொடுத்து, பார்த்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது அமைச்சர் தொலைக்காட்சியில், எவருமே எச்சரிக்கவில்லை என்கிறார். அது பொய்யென்று இன்றாவது சொல்லலாம் என்று நானா பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

அங்கே திரும்பத் திரும்ப ஒன்றையேதான் கேட்டார்கள். "ஒங்களுக்கு மட்டும் எப்படி முன்னமே தெரிஞ்சிச்சு?" அஸர் தொழுகையும் தப்பிப்போனது.

பொழுதுபட்ட பிறகு எங்கள் கடைக்கு மிளகு கொண்டுவந்த பல்லேபொல ஊர்க்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஹாஜியார், எங்க பக்கத்து வீட்டுக்குப் புதுசா ஆள் வந்திருக்காங்க. கதவே தொறக்கிறதில்ல. ராவையில பெட்டி பெட்டியா எறக்குறாங்க. யாருக்காவது சொல்லணுமா?"

நானா தராசை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க ஒன்னும் பாக்கல. நானும் ஒன்னும் கேக்கல."

பெட்டிகளில் இருப்பது வெறும் வீட்டுச் சாமானாகவும் இருக்கலாம். பக்கத்து அறையில் நானாவும் புரண்டு புரண்டுதான் படுக்கிறார்.

தராசுக்கு இந்தப் பக்கம் நானும் நின்றேன். என் காதில் எல்லாம் விழுந்தது.