இடைவேளை வரைக்கும்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க எல்லாரும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுறியான்னு கேட்டா பொய்தான் சொல்லுவ, அதனால கேக்கல.

உன் மருமக நெட்டைக்குப் பதினேழு முடிஞ்சிடுச்சு. கூடைப்பந்துல இந்த வருஷம் அவளை அடிச்சுக்க ஆளில்லைன்னு கோச்சே சொல்றார். ஊர்ல உள்ள பிள்ளைங்களையெல்லாம் பார்த்து உன் கிளப்புக்கு ஆள் எடுக்கிற, சொந்த அக்கா மக மட்டும் உன் கண்ணுல பட மாட்டேங்கிறா. ஜூன்ல உங்க தேர்வாமே. இதை விட்டா அப்புறம் யாரு கேப்பா? வீடியோ வந்திருக்கும். பார்த்துட்டு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லு.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன். அருமையான கை. தூரத்துலேருந்து போட்டாலும் பந்து வளையத்தைத் தொடாம உள்ள இறங்குது. ஆனா அனுப்பின எல்லா ஆட்டமும் இடைவேளையோட நின்னுடுது. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? நான் பந்தைப் பார்க்கிறவன் இல்லக்கா, களைச்சுப் போனப்புறம் கால் எப்படி நிக்குதுன்னு பார்க்கிறவன். முழு ஆட்டத்தையும் வெட்டாம அனுப்பு. கோவிச்சுக்காதே, எதையோ மறைக்கிறியோன்னு தோணுது.

அத்தானைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி

மார்ச் 22

தம்பி,

"அன்புள்ள" போட மனசு வரல. நான் மறைக்கிறேனா? அவ தோழி எடுக்கிறா, நெட்டை பொறுக்கி அனுப்புறா. எனக்கு அந்தப் போன்ல பாதி எதுக்குன்னே தெரியாது. மீதி எங்கடின்னு கேட்டா, 'சார்ஜ் தீர்ந்துடுச்சும்மா'ங்கிறா.

உன் கணக்கு எனக்குப் புரியாம இல்ல. அக்கா மகளை எடுத்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. அதுக்குப் பயந்துகிட்டு நொட்டை தேடுற. பிடிக்கலன்னா நேரா சொல்லிடு.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

போன சனிக்கிழமை சொல்லாம வந்து ஆட்டத்தைப் பார்த்துட்டுப் போனேன். மேல் வரிசையில தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ எனக்குக் கீழதான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்த.

முதல் பாதியில எனக்கே கை தட்டணும்போல இருந்துச்சு. இடைவேளைக்கு அப்புறம் குதிச்சப்பல்லாம் இடது காலை மட்டும் ஊன்றித்தான் இறங்கினா. ஆட்டம் முடிஞ்சு நீ வெளியே போனப்புறம் பையை எடுக்க மேல வந்தவ, படிக்கட்டுல கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டா, ஒவ்வொரு படியா இறங்கினா. பதினேழு வயசுப் பொண்ணு அப்படியா இறங்குவா? வலது முழங்கால்ல ஏதோ இருக்கு. பெத்தவ உனக்குத் தெரியாம இருக்குமா? மாத்திரையைக் கொடுத்து ஓட விடுறியா? முதல்ல டாக்டர்கிட்ட காட்டு.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

அக்கா வீட்டு வாசலை மிதிக்காம திருடன் மாதிரி வந்துட்டுப் போயிருக்க. அதை மறக்க எனக்கு நாளாகும். ஆனா டாக்டர்கிட்ட போனோம். முழங்கால்ல ஜவ்வு கிழிஞ்சிருக்காம். ஆபரேஷன் பண்ணணுமாம், அப்புறம் ஒரு வருஷம் பந்தையே தொடக்கூடாதாம்.

சத்தியமா எனக்குத் தெரியாதுடா. எங்க வீட்டுல மாடி கிடையாது, அவ படி இறங்குறதை நான் எங்க கண்டேன்? ஏண்டி சொல்லலன்னு கேட்டேன். 'உன்கிட்ட சொன்னா ஆட விட மாட்ட, மாமாகிட்ட சொன்னா எடுக்க மாட்டாரு'ங்கிறா. நீ என்னைச் சந்தேகப்பட்ட, நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். புள்ள நம்ம ரெண்டு பேரையும் நம்பாம வலியை முழுங்கிக்கிட்டு ஓடியிருக்கா.

இப்போ படுத்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கிறா. 'கால் விஷயத்தை மாமா கிளப்ல சொல்லிட்டாராம்மா?' இல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். அப்படித்தானே?

உன் அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிட்டேன். ஆட்டம் பார்த்த மறுநாளே எழுதிக் கொடுத்துட்டேன், உனக்கு எழுதுறதுக்கு முன்னாடியே. கால் சரியில்ல, இந்த வருஷம் வேண்டாம்னு. குணமானதும் மறுபடி பார்க்கணும்னும் எழுதினேன். அதை அவங்க காதுல போட்டுக்கிட்ட மாதிரி தெரியல.

எழுதினது தப்புன்னு நான் நினைக்கல. வேற புள்ளையா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். உறுத்துறது வேற. அவ அந்தப் படியில தட்டுத் தடுமாறி இறங்கினப்போ மேல உக்காந்து கடைசிப் படி வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஓடிப் போய்க் கையைப் பிடிக்கணும்னு எனக்குத் தோணவே இல்லக்கா.

நீ அவகிட்ட பொய் சொல்லிக்கிட்டு இருக்காதே. நானே வந்து சொல்றேன். கதவைத் திறப்பியான்னு மட்டும் எழுது.

தம்பி