காயாத சிவப்பு

ஆகஸ்ட் 3, 1978. வியாழன்

காலை முதல் ஆடிக்காற்று. கரிசல் புழுதி பல்லில் நெரிபடுகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை.

18-ஆம் தேதி மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் நேர்முகம். மூன்று ஆயில் பெயிண்டிங் கேட்கிறார்கள். அரளி, குரோட்டன்ஸ் முடிந்து காய்ந்துவிட்டன. மூன்றாவது, கிணற்றடிக் கல்வாழை.

வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. கிடைக்காவிட்டால் பி.எட். அந்தப் படிவம் அப்பா மேஜையில். எல்லாம் நிரப்பி, என் கையெழுத்து மட்டும் பாக்கி.

மெட்ராஸுக்குத் துணை அம்மா. அப்பாவுக்கு லீவு இல்லையாம்.

அம்மா: "பாத்திரம் கழுவுன தண்ணில முளைச்சதப் போயி வரையுதியே, ஏட்டி. ஊர்ல ரோசாப்பூவா இல்ல?"

ஆகஸ்ட் 5. சனி

ஜன்னல் கொண்டி கழன்று, காற்றில், நிறம் குழைக்கும் லின்சீட் எண்ணெய்க் குப்பி சாய்ந்தது. சொட்டு மிச்சமில்லை. மதுரை போய் வாங்கினால் ஒரு நாள் போய்விடும்.

எண்ணெய் எண்ணெய்தானே. அடுக்களையில் நல்லெண்ணெய். நிறம் வெண்ணெயாகக் குழைந்தது. மாலைக்குள் பூ முழுக்க. இதுவரை வரைந்ததில் நல்லது இதுதான்.

ஆகஸ்ட் 9. புதன்

காயவில்லை. அரளி நான்கு நாளில் காய்ந்தது. இதில் விரல் வைத்தால் விரலெல்லாம் சிவப்பு. ஓரத்தில் எறும்புச் சாரை.

அம்மா எட்டிப் பார்த்து: "என்னட்டி, படத்தத் தாளிச்சு வச்சிருக்கியா?"

சிரிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 10. வியாழன்

துடைத்துப் பார்க்கலாம் என்று டர்பன்டைன் வாங்கப் போனேன். ஹார்டுவேர் கடை அண்ணாச்சி எதற்கு என்றார். சொன்னேன்.

"நல்லெண்ணெயா? எம்.ஏ. படிச்ச புள்ளதானே நீ? வெள்ளிக்கிழம தலைக்குத் தேய்க்கியே, அது என்னைக்காவது காஞ்சிருக்கா? சீயக்கா போட்டுல்லா எடுக்கணும்!"

கடையே சிரித்தது. நானும்.

"கதவுக்குப் பூச லின்சீடு நம்மகிட்டயே இருக்கு. ஒரு வார்த்த கேக்கக்கூடாதா, மக்கா?"

வாங்கினேன். வரும் வழியெல்லாம் யோசனை. வாரம் தவறாமல் தலையில் வைத்ததை ஒரு தரமும் கவனிக்கவில்லை.

மதியம் கத்தியால் முழுவதும் சுரண்டினேன். கந்தலில் சிவப்புச் சேறு. நல்ல பூ. அழவில்லை.

ஆகஸ்ட் 11. வெள்ளி

மறுபடி. எண்ணெய் குறைவு, பூச்சு மெல்லிசு.

ஒரு மணி நேரம் இலையையே பார்த்தேன். பச்சை எங்கே? மேல்புறம் வானத்தின் நீலம். வெயில் ஊடுருவும் இடம் மஞ்சள். நடு நரம்பில் செம்பழுப்பு. பச்சை டியூபை மூடி வைத்தேன்.

இலை வந்தது. பூ முரண்டு. நான்கு தரம் அழித்து, ஐந்தாவது.

எண்ணெய் தேய்த்துவிட அம்மா கூப்பிட்டாள். போகவில்லை.

ஆகஸ்ட் 16. புதன்

இலை காய்ந்தது. தண்டும். பூவின் சிவப்பு மட்டும் பிசுபிசுப்பு. நாளை மாலை ரயில்.

மற்ற இரண்டையும் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டியாயிற்று. இதைச் சுருட்டினால் தீர்ந்தது. இரண்டோடு போகலாமா? மூன்று கேட்டார்கள். மூன்று போகும். சட்டத்தோடு, கையில்.

ஆகஸ்ட் 17. வியாழன்

அப்பா தாலுகா ஆபீசிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். படத்தின் முன் வெகுநேரம்.

"இது நம்ம கெணத்தடியா?"

"ஆமாப்பா."

"எலை அப்படியே இருக்கு." பிறகு, "ரயில்ல எப்படிக் கொண்டு போவ? மடியில வச்சா சேலைல ஒட்டும். ராத்திரி பூரா புடிக்க அம்மைக்குக் கை நிக்காது. நான் வாரேன். ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிடுவோம்."

"லீவு?"

"எழுதிக் குடுத்துட்டேன்."

பி.எட். பற்றிப் பேச்சில்லை. படிவம் மேஜையிலேயே இருக்கிறது.

ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், அப்பா தயாராக நிற்கிறார்.

"அப்பா, வேற சட்ட போடுங்க."