பெயர் சொல்லாத சாட்சி

எஷோவே

அன்பு மகள் நொமூசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம், கேப்டவுன் காற்றில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். சேப்பங்கிழங்கு இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது. அதைவிடப் பெரிய செய்தி, வீடு நமக்கே என்று தீர்ப்பாகிவிட்டது. உன் சித்தப்பா துமிசா இனி வாசலில் வந்து சத்தம் போட முடியாது.

போன வாரம் போனில் உன் கட்சிக்காரியைப் பற்றி நீ சொன்னாயே, 'வாயே தொறக்க மாட்டேங்குது அந்தக் கிழவி, எதையோ மறைக்குது, கேஸை விட்டுடப் போறேன்' என்று, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. முதல் நாள் கூண்டில் நானும் அப்படித்தானடி நின்றேன். நம் வக்கீல் குலெகானி, உன் வயசுப் பையன்தான், வீட்டை உங்களுக்குக் கொடுத்தது யார் என்று கேட்டான். மாமனார் என்றேன். 'பேரைச் சொல்லுங்க' என்றான். உன் தாத்தா பேரை நான் எப்படிச் சொல்வேன்? கல்யாணமாகி வந்த நாள் முதல் என் நாக்கில் வராத பேர், இந்தக் கடிதத்தில்கூட எழுத மாட்டேன். வாயடைத்து நின்றேன். நீதிபதி வேற்றூர்க்காரர், முகத்தைச் சுளித்தார். எதிர்த்தரப்பு வக்கீல், 'மாமனார் பேரே தெரியாதவங்களுக்கு அவர் வீடு வேணுமாம்' என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். காரணம் தெரிந்த உன் சித்தப்பனும் சேர்ந்து சிரித்தான், பாவி. வெளியே வந்ததும் குலெகானி, 'வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?' என்று எரிந்து விழுந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, களியும் புளித்த பாலும் சாப்பிட்டுவிட்டு, 'ஏம்மா பேசல?' என்று மெதுவாகக் கேட்டான். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். 'எங்கம்மாவும் இப்படித்தாம்மா! கறுப்பு அங்கிய மாட்டினதும் மறந்துபோச்சு பாருங்க' என்றான். அடுத்த முறை நான் கூண்டில் ஏறியதும் தாத்தாவின் கல்லறைப் படத்தைக் காட்டி, 'இதுல எழுதியிருக்கிற பேரு யாரோடது?' என்று மட்டும் கேட்டான். என் மாமனார், வீட்டை எனக்குக் கொடுத்தவர் என்று உரக்கச் சொன்னேன். பிறகு துமிசாவிடம், 'உங்க வீட்டு மருமக யாராவது அந்தப் பேரைச் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?' என்றான். 'இல்ல' என்று உன் சித்தப்பன் ஒப்புக்கொண்டான். குலெகானி அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டார் சாட்சியும் என் பேச்சோடு ஒத்துப்போயிற்று.

கூண்டில் நிற்கிறவளுக்கு அங்கே தெரிந்த முகம் தன் வக்கீல் முகம் ஒன்றுதான் நொமூசா, அதுவும் கடுகடுவென்று இருந்தால் அவள் எங்கே போவாள்? நாலு பேர் முன்னால் கேட்கப்போகிற கேள்வியை முதலில் அவள் வீட்டில் உட்கார்ந்து கேட்டுப் பார். கடவுளும் நம் முன்னோரும் உனக்குத் துணையிருக்கட்டும். டிசம்பரில் வா, வீடு உனக்காகத் திறந்திருக்கும். அதற்கு முன் அவளைப் போய்ப் பார், வெறுங்கையோடு போகாதே. கிழவி என்று சொல்லாதே, அம்மா என்று கூப்பிடு.

உன் அம்மா
மாகுமேதே